என் பெருவிரலும் ஒரு பூசணிக்காயும்

2023 அக்டோபர் 22, ஞாயிறு. திருச்செங்கோடு

சபையோர் கவனிக்க. இனி வரும் பக்கங்களில் உள்ள எதையும் நீங்கள் நம்பப் போவதில்லை என்று அர்த்தநாரீஸ்வரர் மலையைச் சாட்சி வைத்து உறுதியளிக்கிறேன். நம்புகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அவருக்கு விற்க என்னிடம் ஒரு வறண்ட கிணறு இருக்கிறது.

நாளைக்கு ஆயுத பூஜை. பரணைத் துடைக்கப் போனபோது பழைய டைரி ஒன்று துணியோடு வந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் முதலாளி போர்வெல் வண்டியைக் கப்பலில் ஏற்றித் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார். அப்போது வண்டியோடு போன உதிரி பாகங்களில் நானும் ஒருவன். அங்கே எழுதியது இது. என் பெயர் சென்னி. அக்கா மக்கள் என்னைப் "புளுகு மாமா" என்று அழைப்பது ஊரறிந்த விஷயம். அவர்களுக்காகவே நகல் எடுக்கிறேன். சில இடங்களில் திருத்தியிருக்கிறேன். பல இடங்களில் வளர்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை. அங்கே இருந்தவர்கள் ஆப்பிரிக்கான்ஸ் பேசினார்கள், சோத்தோ பேசினார்கள், என்மேல் இரக்கப்பட்டு ஆங்கிலமும் பேசினார்கள். நான் எல்லோரையும் நம் ஊர்ப் பேச்சே பேச வைத்திருக்கிறேன். யாரும் அங்கிருந்து வந்து மறுக்கப் போவதில்லை.

2015 செப்டம்பர் 25, வெள்ளி

வந்து சேர்ந்தோம். இந்த நாடு அப்படி ஒரு தட்டை. வண்டி மேல் ஏறி நின்றால் நாளை மறுநாள் வரப்போகிறவர் தெரிகிறார். மழை பெய்து மூன்று வருடமாம். இன்று ஒரே ஒரு மேகம் வந்தது. யாரிடமோ வழி கேட்டுவிட்டுப் போய்விட்டது.

தோட்டத்துக்காரர் வெள்ளைக்காரர். டச்சு வழி வந்த குடியானவர்கள். ஏழெட்டுத் தலைமுறையாக இந்த மண்ணிலேயே பயிர் செய்கிறவர்கள். பெயர் சாரல். சத்தியமாக அதுதான் பெயர். பெரியவர்களை இங்கே "ஊம்" என்று அழைக்க வேண்டும். மாமா என்று அர்த்தம். ஊம் சாரலுக்கு வயது எழுபத்திரண்டு, உயரம் ஏழடி, உட்கார்ந்தால் எட்டடி. அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, காலுறைக்குள் செருகிய ஒரு சீப்பு. எதற்கு என்று கேட்டேன்.

"தலை வாரத்தான்" என்றார். தலையில் முடி இல்லை.

என்னோடு வந்திருப்பவன் நாச்சிமுத்து. தூரத்து முறையில் எனக்கு மாப்பிள்ளை. துளை போடுவதில் கெட்டிக்காரன். நான் என்ன சொன்னாலும் அதைப் பாதியாகக் குறைத்து அடுத்தவருக்குச் சொல்வதே அவனுக்குப் பொழுதுபோக்கு. சாரலைப் பார்த்ததுமே, "மாமா, இவுரு வெள்ளக் கவுண்டரு" என்றான். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

வெளி கேட்டில் என் தலை அளவுக்குப் பூட்டு. பொழுது சாய்ந்தால் சாரலே நடந்து போய்ப் பூட்டுகிறார். ஒரே சாவி. அது அவர் கழுத்தில், கயிற்றில்.

செப்டம்பர் 27, ஞாயிறு

சாயங்காலம் சாரலின் சமையலறையில் காப்பி. தொட்டுக்கொள்ள ஒரு காய்ந்த ரொட்டி. நம் வர்க்கியின் ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் பல்லுக்கு விரோதி. உப்புக்கண்டமும் உண்டு. அசல் நம் உப்புக்கண்டம்.

காப்பிக்கு நடுவே ஜன்னலோரம் இருந்த, வாக்கி-டாக்கி மாதிரியான ரேடியோ பேசியது. தினமும் இந்த நேரத்துக்கு ஒவ்வொரு தோட்டமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கூப்பிட்ட தோட்டம், எல்லாம் சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் துப்பாக்கியோடு வண்டிகள் கிளம்பும். சாரலின் தோட்டத்துக்கு "வெல்தெஃப்ரேடெ" என்று பெயர். மனநிறைவு என்று பொருளாம்.

"வெல்தெஃப்ரேடெ, எல்லாஞ் சரி" என்றார் சாரல்.

அடுத்த தோட்டம் ரூடோல்ஃப் என்பவருடையது. சாரலுக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. போன மாதம் பகலிலேயே ஆட்கள் அவர் சமையலறைக்குள் புகுந்து அவரைக் கொன்றுவிட்டார்கள். யாரென்று இன்றுவரை தெரியவில்லை. மகன் டியோன்தான் இப்போது ரேடியோவில் பதில் சொல்கிறான். "சரி" என்று ஒற்றை வார்த்தை.

"ரூடோல்ஃப் இருந்தப்ப இப்பிடிச் சொல்ல மாட்டான்" என்றார் சாரல். "'இங்க எல்லாஞ் சரி, மழை மட்டுந்தான் தப்பு'ம்பான். தெனமும் அதே சிரிப்பு. என் சம்சாரம் எல்சா இந்தா, இந்த நாற்காலில உக்காந்து, 'இந்த ஆளுக்கு வேற ஜோக்கே தெரியாதா'ம்பா. அவளும் போயிட்டா. அதுக்கப்புறம் இவன் சிரிப்பு ஒண்ணுதான் வீட்டுக்குள்ள வந்துட்டு இருந்துச்சு."

வருகிறவர்கள் முன்னதாகவே கேட்டில் ஏதாவது அடையாளம் வைத்துவிட்டுப் போவார்கள் என்றொரு பேச்சு இங்கே உண்டு. கட்டிய பை, கவிழ்த்த பாட்டில், அடுக்கிய கல். "நெசமோ, பயமோ. பாத்தா எல்லாரும் துப்பாக்கியத் தேடறாங்க" என்றார்.

அவர் மகன் ஆஸ்திரேலியாவில். வித்துவிட்டு வந்துவிடு என்று தினமும் போன். "தண்ணி வந்தா இருக்கேன். வரலீனா மாசக் கடைசில கெளம்பறேன்" என்றார் சாரல்.

பாத்திரம் கழுவும் இடத்துக்கு வெளியே ஒருவர் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மொலெஃபி. தோட்டத்தின் பழைய ஆள். சாரல் போனால் அவரும் போக வேண்டும். வாங்குகிறவன் கூலிக் குடும்பங்களை வைத்துக்கொள்ள மாட்டான். அவருடைய அப்பன் பாட்டன் சமாதி எல்லாம் இந்த மேட்டில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 30, புதன்

கம்ப்ரசர் ஹோஸ் வெடித்துவிட்டது. சிங்கம் கடித்துவிட்டதாக முதலாளிக்குப் போன் செய்திருக்கிறேன்.

அக்டோபர் 4, ஞாயிறு

மொலெஃபி வீட்டுக்குப் போனேன். தகரக் கூரை. கூரை மேல் வரிசையாகச் சாம்பல் நிறப் பூசணிக்காய்கள். இங்கே அப்படித்தான், அறுவடை செய்ததைக் கூரையில் அடுக்கிவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கெடாது. காற்றுக்குத் தகரமும் பறக்காது. ஒவ்வொன்றும் யானைத் தலை பெரிது. சரி, கன்றுக்குட்டித் தலை.

அவருக்கும் சாரலுக்கும் ஒரே வயது. சின்னப் பையன்களாக இருந்தபோது இரண்டு பேரும் ஓடைக்கரையில் களிமண்ணால் காளை செய்து சண்டை விடுவார்களாம்.

"யார் காளை ஜெயிக்குமுங்க?"

"என்னுது. நான் கொம்புக்குள்ள முள்ளு வெப்பேன்." இதைச் சொல்லும்போது அந்த முகம் ஐந்து வயசுக்குப் போய்வந்தது.

"அப்ப எப்பிடிக் கூப்புடுவீங்க அவர?"

"சாரல்னுதான். அப்பறம் அவர் பெரிய ஸ்கூலுக்குப் போனார். நான் மாட்டோட போனேன். லீவுக்கு வந்தப்ப 'இனிமே பாஸ்னு கூப்புடணும்'னு அவங்கப்பா சொன்னார். கூப்புட்டுப் பழகிடுச்சு."

மொலெஃபி காப்பி குடிப்பது எனாமல் குவளையில். அது சாரல் வீட்டுப் பின்பக்கச் சுவரில், வெளியே, ஓர் ஆணியில் தொங்குகிறது. எங்கள் தோட்டத்துச் சாளையிலும் கூரையோர எறவானத்தில் ஒரு டம்ளர் செருகி இருந்தது. எங்கள் அப்பா காலத்தில்.

இன்று சோறு குழைந்துவிட்டது. நாச்சிமுத்துதான் காரணம்.

அக்டோபர் 9, வெள்ளி

முதல் துளை. இடம் பார்த்தவர் சாரல். இரண்டாகப் பிரிந்த ஒரு குச்சியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடக்கிறார். தண்ணீர் இருக்கும் இடத்தில் குச்சி தலை குனியுமாம். நான் சிரிக்கவில்லை. தொழில் மரியாதை. காற்றாலைக்குப் பக்கத்தில் குனிந்தது. ஐந்நூறு அடி போட்டோம். புகைதான் வந்தது. அரைத்த கல்லின் மாவு ஊரெல்லாம் பறந்து, வெள்ளைக்காரர் கறுப்பர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் சாம்பல் நிறமாகிவிட்டோம். சந்திரனில் உள்ளவர்கள் தும்மினார்கள்.

அக்டோபர் 15, வியாழன்

இரண்டாவது துளை. இடம் பார்த்தவன் நான். என் முறை தேங்காய் முறை. உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பேன். நீரோட்டத்துக்கு மேலே வந்ததும் தேங்காய் எழுந்து நிற்கும். சாரல் வாயைப் பிளந்து பார்த்தார். மொலெஃபி தொப்பியைக் கழற்றிவிட்டார்.

இங்கே, இந்தத் தாளில் மட்டும், ஒரு தொழில் ரகசியம். தேங்காய் எழாது. எழுப்புவது என் பெருவிரல். அடியில் ஒரு தட்டு, அவ்வளவுதான். முப்பது வருடத்தில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. இடத்தை முன்னாலேயே பாறையும் மண்ணும் பார்த்து முடிவு செய்திருப்பேன். தேங்காய் வாடிக்கையாளரின் மனநிம்மதிக்கு.

அறுநூறு அடி. புகை.

அக்டோபர் 20, செவ்வாய்

சாரல் முடிவு செய்துவிட்டார். மகன் டிக்கெட் அனுப்புகிறானாம். நாளைக்கு டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு வைத்தியம், அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் வருகிறார்.

"ரேடியோவ கையில எடுத்துட்டுப் போங்க பாஸ்" என்று மொலெஃபி இரண்டு தரம் சொன்னார்.

"ஆகட்டும்" என்றார் சாரல்.

அக்டோபர் 21, புதன்

ஆயுத பூஜை. இங்கே நம்மைத் தவிர யாருக்கும் தெரியாது.

காலையில் சாரல் கிளம்பும்போது கேட்டுச் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றினார். "ராத்திரி பூட்டிக்கோ சென்னி" என்று என் கழுத்தில் மாட்டினார். மொலெஃபி அந்த நேரம் காரின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வண்டியைக் கழுவிச் சந்தனம் வைத்தோம். இரண்டு துளை புகையாகப் போனதற்குக் காரணம் கண்ணேறுதான் என்று என்னுடைய ஆராய்ச்சி. பூசணிக்காய் உடைத்தே தீர வேண்டும். மொலெஃபியிடம் கேட்டேன். கூரையில் இருந்ததிலேயே பெரிதை இறக்கித் தானே தோளில் சுமந்து வந்தார். நாச்சிமுத்து மேலே ஓட்டை போட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த குங்குமத்தில் ஒரு பொட்டலம் முழுவதையும் தண்ணீரில் கரைத்து உள்ளே ஊற்றினான். சூடம் ஏற்றி வண்டியைச் சுற்றினோம். மூன்று தடம் கூடும் இடத்தில் உடைப்பதுதான் வழக்கம்; இங்கே அது வெளி கேட்டின் முன்னால்தான். அங்கே உடைத்தேன். சத்தம் கேப் டவுனில் கேட்டிருக்கும். தரை முழுக்கச் சிவப்பு.

"இது எதுக்கு?" என்று கேட்டார் மொலெஃபி.

"நமக்கு வர்றது இதோட போகட்டும்னு."

அவர் சிதறியதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "விதையெல்லாம் போகுதே" என்றார். "நல்ல ஜாதி விதை."

அக்டோபர் 22, வியாழன்

இன்று எழுதாமலே படுத்துவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் சரித்திரம் எனக்காகக் காத்திருக்காது.

காலையில் கேட்டைத் திறந்துவிட்டு வந்து அடுப்பு மூட்டினேன். நேற்றுச் சாயங்காலம் ஊரெல்லாம் கரண்ட் போய் ரேடியோ முறையே நடக்கவில்லை; இப்போது பூட்டிய வீட்டுக்குள் அது கூப்பிட்டது. "வெல்தெஃப்ரேடெ. வெல்தெஃப்ரேடெ. ஊம் சாரல்." திரும்பத் திரும்ப. மனுஷன் அதைச் சமையலறையிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாங்கள் போய் எடுக்க வழியில்லை.

பிறகு கேட்டுப் பக்கம் வண்டிச் சத்தம்.

சாலையில் போன யாரோ சிவப்பைப் பார்த்திருக்கிறார்கள். அடையாளம் என்று சொல்லிவிட்டார்கள். ரேடியோவில் கூப்பிட்டால் சாரல் பதில் இல்லை. நாற்பது வண்டி, நானூறு துப்பாக்கி. (நாச்சிமுத்து எண்ணியபடி மூன்று வண்டி, ஐந்து பேர்.) அவர்கள் வந்து பார்த்தது என்ன தெரியுமா? கேட்டின் முன்னால் மொலெஃபி குத்துக்காலிட்டு விதை பொறுக்கிக்கொண்டிருக்கிறார். மணிக்கட்டு வரை இரண்டு கையும் சிவப்பு.

நாங்கள் ஓடிச் சேர்ந்தபோது அவரை மண்டியிட வைத்திருந்தார்கள். கை இரண்டும் பிடரியில். விதை போட்ட தொப்பி பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. துப்பாக்கி பிடித்திருந்தவன் டியோன். முப்பது வயது இருக்கும். தூங்கி இரண்டு மாதம் ஆன கண்.

"ஊம் சாரல் எங்கடா?"

"டவுனுக்குப் போயிருக்காருங்க. கண்ணாஸ்பத்திரிக்கு."

"ரேடியோல ஏன் வர்ல?"

"அத வெச்சுட்டுப் போயிட்டாருங்க."

"கையில என்ன?"

"பூசணிக்காய்ங்க."

உலகத்தில் இதைவிட நம்ப முடியாத பதில் கிடையாது. என் வாழ்நாள் புளுகு அத்தனையும் சேர்த்தால்கூட இதற்கு ஈடாகாது. ஆனால் அந்த ஆள் சொன்னது சுத்தமான உண்மை. டியோனின் விரல் துப்பாக்கி விசையிலேயே இருந்தது.

இந்த இடத்தில்தான் நான் கர்ஜித்தேன். மலைகள் அதிர்ந்தன. மலை இல்லாத ஊர் என்பதால் எங்கிருந்தோ வரவழைத்து அதிர வைத்தேன். பிறகு முன்னால் பாய்ந்தபோது பூசணிச் சதையில் கால் வழுக்கி விழுந்துவிட்டேன். விழுந்த இடம் மொலெஃபிக்கும் துப்பாக்கிக்கும் நடுவே. முழங்காலில் விழுந்ததால் எழ முடியவில்லை. அதனால் அங்கேயே இருந்தேன்.

(நாச்சிமுத்து பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "வழுக்கவே இல்லியே மாமா, நடந்து போயிதான உக்காந்தீங்க. கத்தவும் இல்ல" என்கிறான். அவன் நின்ற இடத்திலிருந்து சரியாகத் தெரிந்திருக்காது.)

சிவப்பை விரலில் தொட்டு என் நெற்றியில் இட்டேன். நாக்கில் வைத்துக் காட்டினேன். கசப்பு. "இது ரத்தமில்லீங்க, குங்குமம். எங்கூட்டுப் பண்டிகை. ஒடைச்சது நானு. இவர் விதை பொறுக்க வந்தாரு" என்றேன். எந்த மொழியில் சொன்னேனோ தெரியாது. நாச்சிமுத்து வண்டிக்கு ஓடி மிச்சக் குங்குமப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினான். அவன் கையும் சிவந்தது. டியோன் துப்பாக்கியை இறக்கவில்லை. நம்பக் கூடாது என்று இரண்டு மாதமாகப் பழகியிருந்தவன்.

அப்போதுதான் சாலையில் தூசி கிளம்பியது. சாரலின் கார். ஒரு கண்ணில் கட்டு. இறங்கினார், மண்டியிட்டவர்களை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

முதலில் பேசியவர் மொலெஃபி. பிடரியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்.

"சாரல், ரேடியோவ எடுத்துட்டுப் போன்னு சொன்னேனா இல்லியா?"

பாஸ் இல்லை. சாரல் என்றார். ஐம்பத்தைந்து அறுபது வருடத்துக்குப் பிறகு.

"சொன்ன" என்றார் சாரல். "சொன்னப்பா."

மொலெஃபி மெதுவாகக் கையை இறக்கி டியோனைப் பார்த்தார். "சின்னவரே, உங்கப்பாவுக்குக் குழி வெட்டினது இந்தக் கைதான். அன்னிக்கும் செம்மண்ணு ஒட்டி இப்பிடித்தான் செவந்துருந்துச்சு. அன்னிக்கு நீங்க இந்தக் கையப் புடிச்சுட்டு அழுதீங்க."

டியோன் துப்பாக்கியை வண்டிக்குள் வைத்தான். பிறகு வண்டியின் படியில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் நெடுநேரம் எழவில்லை. மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவன் மொலெஃபியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மொலெஃபி அதற்குள் விதைத் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

கடைசியில் டியோன் நாச்சிமுத்துவிடம் கேட்டான். "இத ஏற்கெனவே நடந்துபோன வீட்டுக்கும் ஒடைக்கலாமா?"

நாச்சிமுத்து என்னைப் பார்த்தான். நான் வாயில் இருந்த குங்குமத்தைத் துப்பிக்கொண்டிருந்தேன்.

"ஒடைக்கலாமுங்க" என்றான் அவன்.

"கேட்டுல மட்டும் போதுமா? சமையக்கட்டு வாசல்லயும் வேணுமா?"

சாயங்காலம் ரேடியோவில் ஒவ்வொரு தோட்டமாக வந்தது. டியோன் முறை வந்தபோது, கரகரப்புக்கு நடுவே, "இங்க எல்லாஞ் சரி. மழை மட்டுந்தான் தப்பு."

சாரல் எழுந்து போய் எல்சாவின் நாற்காலியை மேஜைக்கு அருகே சரியாகத் தள்ளி வைத்தார். அது சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 23, வெள்ளி

டியோன் தோட்டத்தில் இரண்டு பூசணிக்காய். முழங்கால் வீக்கம்.

அக்டோபர் 25, ஞாயிறு

மொலெஃபி கூரையிலிருந்து பூசணிக்காய்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே?"

"டவுனுக்கு. மக வூட்டுக்கு. அவுரு மாசக் கடைசில போறாரு. நான் இப்பவே போறேன்." ஒன்றைச் சாக்கில் வைத்தார். "அடுத்த தடவ எவனும் வந்து பக்கத்துல வழுக்கி விழ மாட்டான்."

சாரல் வந்து வேலியோரம் நின்றார். கையில் தொப்பி. "தண்ணி வந்தா நான் இருப்பேன். நீ இருப்பியா?"

"தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன. ஒரு மாசம் முன்னால வந்த ஆளு கழுத்துல கேட்டுச் சாவிய மாட்டிட்டுப் போனீங்க. நான் பொறந்ததுல இருந்து இங்க இருக்கேன். அந்தச் சாவி எப்பிடிக் கனக்கும்னு எனக்குத் தெரியாது."

சாரல் என்னைப் பார்த்தார். எனக்கு அந்த நேரம் என் செருப்பில் ஏதோ வேலை இருந்தது.

முதலாளியோடு இரண்டு துளைக்குத்தான் பேச்சு. ஆனால் இரண்டு கிழவர்கள் இரண்டு பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. ஒரு தேங்காய் மிச்சம் இருந்தது. எடுத்தேன். எல்லோரையும் வரச் சொன்னேன். சாரல் குச்சியோடு வந்தார். மொலெஃபி சாக்கைக் கீழே வைத்துவிட்டுத் தூரத்திலேயே நின்றார்.

பெருவிரலை எங்கே தட்டுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். கேட்டருகே வந்தபோது, அந்தச் சிவப்பு இன்னும் மங்காத இடத்தில், தேங்காய் எழுந்து நின்றது. சாரலின் குச்சியும் அங்கேயே குனிந்தது. கிழவர் என் தேங்காயைப் பார்த்துக்கொண்டே குனிய வைத்திருப்பார். அந்த இடத்தில்தான் தட்டினேன் என்று இங்கே பதிந்து வைக்கிறேன். பாவம் என் கணக்கில்.

அக்டோபர் 27, செவ்வாய்

நூறு அடி புகை. இருநூறு அடி புகை. கருங்கல் வந்தது. நாச்சிமுத்து ராடு மாற்றும்போதெல்லாம் என்னை ஒரு பார்வை. மொலெஃபி இன்னும் போகவில்லை, வண்டி கிடைக்கவில்லையாம். இந்த ஊரில் வண்டி கிடைக்காத நாளே கிடையாது.

பிற்பகல் புகையின் நிறம் மாறியது. மாவு சேறானது. பிறகு பூமி பிளந்தது. தண்ணீர் எழும்பிப் போய் அந்த ஒரே மேகத்தை முட்டியது. மேகம் நனைந்துவிட்டது. மீன்கள் விழுந்தன.

(ஒன்றரை இஞ்சுத் தண்ணீர், என்கிறான் நாச்சிமுத்து.)

சாரல் தண்ணீருக்கு அடியில் போய் நின்றார். காலுறையிலிருந்து சீப்பை எடுத்தார். இல்லாத முடியை நிதானமாக, வகிடு எடுத்து வாரினார். "எல்சா பாத்தா சிரிப்பா" என்றார்.

மொலெஃபி சிரித்தார். சேற்றைக் கையில் அள்ளி உருட்டினார். உருட்டியது மெதுவாக ஒரு காளை ஆனது. சாரல் குனிந்து அதன் கொம்பைத் தடவி, உள்ளே முள் இருக்கிறதா என்று பார்த்தார்.

அக்டோபர் 31, சனி

கிளம்புகிறோம். சாரல் மகனிடம் போனில் இங்கிருந்தே ஆஸ்திரேலியாவுக்குக் கேட்கும்படி கத்தினார். டிக்கெட் ரத்து.

பின்பக்கச் சுவர் ஆணியில் எனாமல் குவளை இல்லை. உள்ளே, மற்றக் குவளைகளோடு தட்டில் இருந்தது. ஆணியில் கேட்டுச் சாவி தொங்குகிறது, கயிறோடு. மொலெஃபிக்கும் அந்த ஆணி கைக்கெட்டும். சாரலுக்கும் அப்படியேதான்.

கேட்டருகே, தண்ணீர் ஒழுகும் இடத்தில், யாரோ பாத்தி கட்டி விதை ஊன்றியிருக்கிறார்கள். எங்கள் வண்டி போக மொலெஃபிதான் கேட்டைத் திறந்துவிட்டார். நாங்கள் போன பிறகு பூட்டியவரும் அவரே. கண்ணாடியில் பார்த்தேன். சிறிது தூசி விழுந்துவிட்டது, கண்ணில்.

2023 அக்டோபர் 23, திங்கள். திருச்செங்கோடு

காலையில் போன் மணி அடித்தது. டியோன் அனுப்பிய படம். எந்த வருடமும் தவறியதில்லை. நாம் பூஜை வைக்கிற நாளை அவன் எப்படித்தான் கண்டுபிடிக்கிறானோ. மொலெஃபி வீட்டுத் தகரக் கூரை, வரிசையாகச் சாம்பல் பூசணிகள், கீழே கேட்டருகே ஒன்று சிவப்பாகச் சிதறிக் கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் கேட்டுகள் இன்னும் பூட்டப்படுகின்றன. ரேடியோ இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதாம். ஆனால் இந்தச் சிவப்பைப் பார்த்து யாரும் வண்டி எடுப்பதில்லை.

சாரல் நான்கு வருடத்துக்கு முன்னால் தன் கட்டிலிலேயே, தூக்கத்திலேயே போனார். மகன் தோட்டத்தை விற்கவில்லையாம். குழி வெட்டியது டியோன். மொலெஃபி நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று வேலை சொன்னாராம்.

நகல் எடுத்து முடித்துவிட்டேன். அக்கா மக்கள் சிங்கத்தையும் மீன்களையும் நானூறு துப்பாக்கியையும் கழித்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை. மலையும் இல்லை, கர்ஜனையும் இல்லை. பொய் சொல்வதில் எனக்கொரு மானம் உண்டு. அதனால் ஒரே ஒரு இடத்தை மட்டும் திருத்திவிடுகிறேன்.

அக்டோபர் 25-ஆம் தேதி, கேட்டருகே, பெருவிரலைத் தட்டினேன் என்று எழுதியிருக்கிறேன். தட்டத்தான் போனேன். விரலை அடியில் கொண்டுபோவதற்குள் தேங்காய் எழுந்து நின்றுவிட்டது.